கையிலிருந்த பட்டியல்

2020 மார்ச் 30, திங்கட்கிழமை. அமெரிக்க வருமான வரித்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கொரோனா நிவாரணமாக ஆளுக்கு 1,200 டாலர் வழங்கப்படும். ஆனால் வழக்கமாக வரிக்கணக்கு தாக்கல் செய்யாதவர்கள், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் உட்பட, ஓர் எளிய வரிக்கணக்கைத் தாக்கல் செய்தால்தான் பணம் கிடைக்கும் என்பது அதன் சாரம். படித்தால் சாதாரண அலுவலகச் சுற்றறிக்கை போலத்தான் இருக்கும். அன்றைக்கு நாடு இருந்த நிலைமையோடு சேர்த்துப் படித்தால்தான் உறைக்கும். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 1,200-க்கும் அதிகமான கிளை அலுவலகங்கள் மார்ச் 17 முதலே பொதுமக்களுக்குக் கதவை மூடியிருந்தன. நூலகங்கள் மூடிக் கிடந்தன. முதியோருக்கு இலவசமாக வரிப்படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வ மையங்களும் முடங்கியிருந்தன. வயதானவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று அரசே எச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

இத்தனைக்கும் அப்படிப்பட்ட ஒரு முதியவருடைய பெயர், பிறந்த தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாமே அரசிடம் இருந்தன. மாதம் தவறாமல் அவர் கணக்கில் அரசு பணம் போட்டுக்கொண்டிருந்தது. அவரைப் போல ஏறத்தாழ 6.4 கோடிப் பேர். அரசு தேடாமலேயே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு கூட்டம் உண்டென்றால் அது இவர்கள்தான். ஆனால் நிவாரணம் என்று வந்தபோது, ‘நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், விண்ணப்பம் போடுங்கள்’ என்று இவர்களிடம்தான் கேட்கப்பட்டது. 2008 முதல் 2021 வரை நடந்த ஐந்து சுற்று நிவாரணங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், இது ஒரு நாள் நடந்த தவறல்ல என்பது தெரிகிறது. அதன் வேர் அமெரிக்கா தன் நிவாரணத்தை எந்தக் கணக்கில் எழுதியது என்பதில் இருக்கிறது.

முதலில் யார் யார் என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. அதிபர் ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14-இல் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து பிறந்தது சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம். உழைத்த காலத்தில் சம்பளத்தில் பிடித்ததற்கு ஈடாக முதுமையில் வருவது. 1956-இல் ஐசன்ஹோவர் காலத்தில் அதோடு ஊனமுற்றோர் காப்பீடும் சேர்ந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர் நோயாலோ விபத்தாலோ உழைக்க முடியாமல் போனால், அவர் கட்டிய சந்தாவின் பேரில் இது கிடைக்கும். மூன்றாவதுதான் எஸ்.எஸ்.ஐ. என்று அங்கே எல்லோரும் சொல்வது. நிக்சன் 1972-இல் கையெழுத்திட்டு, 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம். சந்தா எதுவும் தேவையில்லை. முதியவராகவோ பார்வையற்றவராகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருக்க வேண்டும், ஏழையாக இருக்க வேண்டும். நம்மூர் முதியோர் உதவித்தொகைக்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம். 2020-இல் ஏறத்தாழ 80 லட்சம் பேர் அதை வாங்கினார்கள். அப்போது தனியாளுக்கு மாதம் 783 டாலர். தம்பதி இருவரும் தகுதி பெற்றவர்கள் என்றால் இரட்டிப்பு இல்லை, 1,175 டாலர். கல்யாணம் செய்துகொண்டதற்கு மாதம் 391 டாலர் அபராதம்! இவர்களைத் தவிர ரயில்வே ஓய்வூதியர்களும், முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் உதவி பெறுவோரும் தனித்தனிப் பட்டியல்களில் இருக்கிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் வரிக்கணக்கு தாக்கல் செய்வதில்லை. இதில் குற்றமும் இல்லை, சோம்பலும் இல்லை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு வரி வராது. மற்ற வருமானத்தோடு ஓய்வூதியத்தில் பாதியைக் கூட்டி, தனியாளுக்கு 25,000 டாலரையும் தம்பதிக்கு 32,000 டாலரையும் தாண்டினால்தான் ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு வரி என்று 1983-இல் வகுத்த விதி இன்றும் அப்படியே நிற்கிறது. எஸ்.எஸ்.ஐ. தொகைக்கு வரியே கிடையாது. ஆகவே வரித்துறையின் கண்ணுக்கு இவர்கள் தெரியமாட்டார்கள். எந்தத் துறையின் கண்ணால் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

வரிச்சலுகை என்ற சட்டை

அமெரிக்க நாடாளுமன்றத்தில் மக்களுக்குப் பணமாகக் கொடுப்பது என்றாலே ஒரு தயக்கம் உண்டு. அதையே ‘வரியைத் திருப்பிக் கொடுக்கிறோம்’ என்று சொன்னால் இரு கட்சிகளும் சுலபமாகக் கைதூக்கும். 2001-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில் தனியாளுக்கு 300, தம்பதிக்கு 600 டாலர் வரை அனுப்பியபோது இந்த வழி திறந்தது. வரி கட்டியவர்களுக்குத்தான் அந்தக் காசோலை. வரி கட்டாத ஓய்வூதியருக்கு எதுவுமில்லை. பெயருக்கேற்றபடி நடந்தது என்று விட்டுவிடலாம்.

2008-இல் வீட்டுக்கடன் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தபோது அதே வழியில் மீண்டும் இறங்கினார்கள். ஜனவரியில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவில் ஓய்வூதியத்தில் மட்டும் வாழ்பவர்கள் விடுபட்டிருந்தார்கள். செனட் தலையிட்டது. ஏறத்தாழ 2 கோடி முதியோரும் 2.5 லட்சம் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களும் உள்ளே கொண்டுவரப்பட்டார்கள். பிப்ரவரி 13-இல் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, ஆண்டுக்குக் குறைந்தது 3,000 டாலர் வருமானம் இருந்தால் 300 டாலர் உண்டு. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தையும் அந்த வருமானமாகக் காட்டலாம். எஸ்.எஸ்.ஐ. பணத்தைக் காட்ட முடியாது. அதாவது, உள்ளவர்களிலேயே மிக ஏழையானவர் வெளியே. உள்ளே வந்தவர்களும் வரிக்கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். ஆண்டுக்கணக்காகப் படிவத்தைத் தொடாத கிழவர்கள் 300 டாலருக்காக அதைத் தேடி எடுத்து நிரப்ப வேண்டியதாயிற்று. பலர் நிரப்பவில்லை. அந்தக் கோடையில் 50 லட்சத்துக்கும் அதிகமான ஓய்வூதியர்களுக்கும் படைவீரர்களுக்கும் வரித்துறையே படிவங்களைத் தபாலில் அனுப்பி, அக்டோபர் 15-க்குள் நிரப்பித் தாருங்கள் என்று கெஞ்ச வேண்டி வந்தது. படிவம் அனுப்ப முகவரி கிடைத்திருக்கிறது. அதே முகவரிக்குக் காசோலை அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. ஒபாமா 2009 பிப்ரவரி 17-இல் கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தில் உழைப்பவர்களுக்கு 400 டாலர் வரைச் சலுகை இருந்தது. அது சம்பளத்தோடு ஒட்டியது என்பதால் ஓய்வூதியர்களுக்குத் தனியாக 250 டாலர் எழுதினார்கள். தொகை சின்னது, வழிதான் புதிது. வரித்துறை பக்கமே போகவில்லை. சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், ரயில்வே ஓய்வூதிய வாரியம், முன்னாள் படைவீரர் நலத்துறை மூன்றும் தத்தம் பட்டியலைக் கருவூலத்திடம் கொடுத்தன. மே மாதம் 7-ஆம் தேதி முதல், மாத ஓய்வூதியம் வரும் அதே கணக்கில் 250 டாலர் விழுந்தது. எஸ்.எஸ்.ஐ. பெறுவோரும் இதில் உண்டு. விண்ணப்பமில்லை, படிவமில்லை, சான்றிதழில்லை. 5 கோடிக்கும் அதிகமானோருக்கு 1,300 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது.

குறை இல்லாமல் இல்லை. 2010 அக்டோபரில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தணிக்கைப் பிரிவு ஓர் அறிக்கை வெளியிட்டது: இறந்தவர்களுக்கும் சிறையில் இருந்தவர்களுக்குமாக ஏறத்தாழ 89,000 பேருக்குப் பணம் போயிருக்கிறது, மொத்தம் 2.23 கோடி டாலர். செய்தித்தாள்கள் பிணங்களுக்குப் பணம் என்று கொட்டை எழுத்தில் போட்டன. 1,300 கோடியில் 2.23 கோடி என்பது ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவு என்ற கணக்கு தலைப்புக்குள் வரவில்லை. 2010, 2011 இரண்டு ஆண்டுகளும் விலைவாசி உயர்வுக்கான படி பூஜ்யம். 1975-இல் தானியங்கி முறை வந்த பிறகு அதுவரை அப்படி நடந்ததில்லை. இன்னொரு 250 டாலர் கொடுக்கலாம் என்று ஒபாமா கேட்டார். 2010 மார்ச்சில் செனட்டில் அது தோற்றது. டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை கிடைத்தும், தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அந்தச் சுற்றோடு 2009-இன் வழியும் மறக்கப்பட்டது.

அந்தப் பதினைந்து நாட்கள்

2020 மார்ச் 27-இல் டிரம்ப் கையெழுத்திட்ட கேர்ஸ் சட்டம் தனியாளுக்கு 1,200, தம்பதிக்கு 2,400, 17 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 500 டாலர் என்றது. எட்டு நாட்களுக்கு முன் செனட்டில் வைத்த முதல் வரைவு இன்னும் கஞ்சத்தனமானது. வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாதவருக்கு 600 டாலர் மட்டும், அதற்கும் 2,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியதால் அந்த வெட்டு கைவிடப்பட்டது. ஆக, தொகையில் ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் சட்டத்தின் மொழியில் இதுவும் ‘2020-ஆம் ஆண்டின் வரிச்சலுகைக்கான முன்பணம்’தான். கொடுக்கும் பொறுப்பு வரித்துறைக்கே.

சட்டம் ஓய்வூதியர்களை மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வரிக்கணக்கு இல்லாதவர் விஷயத்தில், சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் அனுப்பும் 1099 என்ற வருமானப் படிவத்தின் தகவலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. மூன்றே நாளில் வெளிவந்த மார்ச் 30 அறிவிப்பு அந்த வரியைக் கண்டுகொள்ளவில்லை. 40-க்கும் மேற்பட்ட செனட்டர்கள் கடிதம் எழுதினார்கள். ஏப்ரல் 1 மாலையில் நிதியமைச்சர் ஸ்டீவன் மனூச்சின் பின்வாங்கினார்: ஓய்வூதியர்கள் எதுவும் தாக்கல் செய்ய வேண்டாம், பணம் தானாகவே வரும்.

நல்லது. ஆனால் எஸ்.எஸ்.ஐ.? அவர்களுக்கு 1099 படிவம் கிடையாது, வரி இல்லாத பணத்துக்கு எதற்குப் படிவம்? சட்டத்தில் இருந்தது அந்தப் படிவத்தின் பெயர் மட்டுமே. மாதம் 783 டாலரில் வாழ்பவர், அதனால்தான், மீண்டும் வாசலில் நின்றார். அவர்களுக்கும் தானாகவே வரும் என்ற அறிவிப்பு ஏப்ரல் 15-இல்தான் வந்தது. படைவீரர் நலத்துறைப் பயனாளிகளுக்கு ஏப்ரல் 17-இல். வரிக்கணக்கு தாக்கல் செய்திருந்தவர்களின் கணக்கில் அதற்குள் பணம் ஏறிவிட்டது. ஓய்வூதியர்களுக்கு ஏப்ரல் கடைசி வாரம், எஸ்.எஸ்.ஐ.காரர்களுக்கு மே மாதத் தொடக்கம், படைவீரர்களுக்கு மே மாத நடு. இருப்பவரிடமிருந்து இல்லாதவரை நோக்கி வரிசை நகர்ந்தது.

குழந்தைகளின் 500 டாலர் கதை இன்னும் மோசம். ஓய்வூதியம் வாங்குபவரிடம் சின்னக் குழந்தைகள் இருப்பார்களா என்று கேட்கலாம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் அங்கே நிறைய. முப்பது வயதில் ஊனமுற்று உதவி பெறும் தாய்மார்களும் இருக்கிறார்கள். நிர்வாகத்தின் பட்டியலில் இருந்து வரித்துறைக்குப் போன விவரத்தில் அந்தக் குழந்தைகள் இல்லை. ஆகவே அவர்களை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான கெடுவை ஏப்ரல் 20 திங்களன்று அறிவித்தார்கள். கெடு எப்போது முடியும்? ஏப்ரல் 22 புதன் நண்பகல். இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. அதுவும் இணையம் வழியாக, முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும், ஊரடங்குக் காலத்தில். எஸ்.எஸ்.ஐ., படைவீரர் பயனாளிகளுக்கு மட்டும் மே 5 வரை நேரம் கொடுத்தார்கள். தவறவிட்டவர்கள் அடுத்த ஆண்டு வரிக்கணக்கு தாக்கல் செய்து குழந்தைக்கான தொகையைக் கேட்டுக்கொள்ளலாம் என்றது அறிவிப்பு. கண்டனம் வலுத்ததால் ஆகஸ்டில் பதிவை மீண்டும் திறந்து செப்டம்பர் 30 வரை நீட்டித்தார்கள். ஏப்ரலில் தேவைப்பட்ட 500 டாலர் அக்டோபரில் போய்ச் சேர்ந்தது.

மே மாதம் இன்னொரு கூத்து. ஏறத்தாழ 40 லட்சம் பேருக்குக் காசோலைக்குப் பதிலாக டெபிட் கார்டு அனுப்பினார்கள். அரசு முத்திரை எதுவுமில்லாத வெறும் வெள்ளை உறை. அனுப்புநர் ‘மணி நெட்வொர்க் கார்டுஹோல்டர் சர்வீசஸ்’ என்று யாரும் கேள்விப்படாத பெயர். கார்டின் பின்புறம் மெட்டாபேங்க் என்ற வங்கியின் பெயர். இப்படி வரும் உறைகளைப் பிரிக்காமல் கிழித்துப் போடுங்கள் என்றுதான் முதியோருக்கு ஆண்டுக்கணக்காகச் சொல்லித்தந்திருந்தார்கள். பலர் சொன்னபடியே செய்தார்கள். காசோலைகளில் மட்டும் அடையாளத்துக்குக் குறைவில்லை. கருவூலக் காசோலையில் அதற்குமுன் எந்த அதிபரின் பெயரும் இடம்பெறாத இடத்தில் டொனால்ட் ஜே. டிரம்ப் என்று அச்சாகியிருந்தது. அந்த அக்கறையில் கால்வாசியை உறையின் மேல் காட்டியிருக்கலாம்.

இறந்தவர்கள் மீண்டும் வந்தார்கள். 2020 ஜூன் 25-இல் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் சொன்ன கணக்கு: ஏப்ரல் 30 வரை ஏறத்தாழ 11 லட்சம் இறந்தவர்களுக்குப் பணம் போயிருக்கிறது, மொத்தம் 140 கோடி டாலருக்குப் பக்கம். காரணம் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் யார் இறந்தார் என்ற முழுப் பட்டியலை வைத்திருப்பதும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே. அந்த முழுப் பட்டியலைப் பார்க்க, பணத்தை அனுப்பும் கருவூலத்துக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. உயிரோடிருக்கும் ஓய்வூதியரின் விவரமும் ஒரே அலுவலகத்தில், இறந்தவரின் விவரமும் அதே அலுவலகத்தில். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாண்டுப் பழைய வரிக்கணக்குகளை நம்பிப் பணம் போயிருக்கிறது.

மூன்றாவது சுற்றில் மீண்டும்

2020 டிசம்பர் 27-இல் வந்த 600 டாலர் சுற்றில் பாடம் கற்றுக்கொண்டதாகவே தோன்றியது. எஸ்.எஸ்.ஐ., படைவீரர், ரயில்வே பயனாளிகளைச் சட்டத்திலேயே பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். 2021 மார்ச் 11-இல் பைடன் 1,400 டாலருக்குக் கையெழுத்திட்டபோது இனித் தடங்கல் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மார்ச் 17-இல் வரிக்கணக்குக்காரர்களுக்குப் பணம் ஏறியது. ஓய்வூதியர்களுக்கு ஏறவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஏறத்தாழ 3 கோடிப் பேர் காத்திருக்கிறார்கள், ஏனென்றால் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வரித்துறைக்குத் தேவையான கோப்பை அனுப்பவில்லை என்று நாடாளுமன்றக் குழுத் தலைவர்கள் கண்டுபிடித்தார்கள். 24 மணி நேரத்தில் அனுப்புங்கள் என்று ஆணையர் ஆண்ட்ரூ சாலுக்குக் கெடு விதித்தார்கள். மறுநாள், மார்ச் 25 காலையில், கோப்பு போனது.

சால் சொன்ன விளக்கத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. நிர்வாகத்தின் பணம் தொழிலாளர்களின் சந்தாவில் சேர்ந்த அறக்கட்டளை நிதி. அதை ஓய்வூதியப் பணிக்கு அல்லாமல் வேறு துறையின் வேலைக்குச் செலவிடச் சட்டம் இடம்தராது. முந்தைய இரு சுற்றுகளுக்கு நாடாளுமன்றம் தனியாகப் பணம் ஒதுக்கியது, இம்முறை ஒதுக்கவில்லை. ஆகவே செலவை ஈடுசெய்ய வரித்துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்றார். சட்டப்படி அவர் பேசியது சரியாக இருக்கலாம். மூன்று கோடிப் பேரின் சாப்பாடு ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் இடையிலான கணினிச் செலவுக் கணக்கில் சிக்கியது என்பதும் உண்மை. நம்மூர் தாலுகா அலுவலகத்தில் ‘ஃபைல் அந்த செக்‌ஷன்ல இருக்கு’ என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது புதிதாக இருக்காது. ஜூலை 9-இல் பைடன் ஆண்ட்ரூ சாலைப் பதவியிலிருந்து நீக்கினார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

கோப்பு கைக்கு வந்தபின் வேலை மளமளவென்று நடந்தது. ஏப்ரல் 7-இல் சமூகப் பாதுகாப்புப் பயனாளிகள் ஏறத்தாழ 1.9 கோடிப் பேருக்கு 2,600 கோடி டாலர், எஸ்.எஸ்.ஐ. பெறுவோர் 30 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் ஒரே நாளில் போயிற்று. பட்டியல் கையில் இருந்தால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை இது. இந்தச் சுற்றில் இன்னொரு நல்ல திருத்தமும் நடந்தது. முதல் இரண்டு சுற்றிலும் 17 வயது நிரம்பிய சார்ந்திருப்போருக்குப் பணம் இல்லை. பெற்றோரின் வரிக்கணக்கில் சார்ந்தவராகக் காட்டப்பட்ட நாற்பது வயது மாற்றுத்திறனாளி மகனுக்குத் தனியாகவும் கிடைக்காது, பெற்றோருக்குக் குழந்தைத் தொகையாகவும் வராது. 1,400 டாலர் சுற்றில் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஓய்வூதியம் பெறுவோருக்கு நிவாரணம் எதற்கு? பெருந்தொற்றில் வேலை போனவனுக்கு வருமானம் நின்றது. ஓய்வூதியருக்கு ஒரு மாதம்கூட நிற்கவில்லையே? சராசரி ஓய்வூதியரைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். மாதம் 1,500 டாலர் ஓய்வூதியம், சொந்த வீடு, கொஞ்சம் சேமிப்பு உள்ளவருக்கு இந்தப் பணம் நிவாரணமல்ல, செலவழிக்கத் தூண்டும் பணம். வரித்துறை வைத்த பெயரும் அதுதான், ‘பொருளாதாரத் தாக்கத் தொகை’. ஆனால் எஸ்.எஸ்.ஐ. வாங்குபவரிடம் இந்த வாதம் செல்லாது. பேருந்து ஓடாத ஊரில் மளிகையை வீட்டுக்கு வரவழைக்கக் கூடுதல் கட்டணம் கொடுத்தவர் அவர். இலவச உணவு கிடைத்துவந்த மையம் மூடப்பட்டவரும் அவர். கேள்வி நியாயமானது, ஆனால் அந்த நியாயத்தால் யார் முன்னால் நின்றிருக்க வேண்டுமோ அவரே கடைசியில் நின்றார்.

2,000 டாலர் கூரை

பணம் வந்துவிட்டது என்றாலும் எஸ்.எஸ்.ஐ. வாங்குபவருக்குப் பிரச்சினை தீரவில்லை. எஸ்.எஸ்.ஐ. பெறுபவர் 2,000 டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கக் கூடாது, தம்பதிக்கு 3,000. குடியிருக்கும் வீடு, ஒரு கார், அடக்கச் செலவுக்கென ஒதுக்கிய 1,500 டாலர் வரையான தொகை இவற்றுக்கு விலக்கு உண்டு. வங்கியில் இருக்கும் பணம் கணக்கில் வரும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியின் முதல் கணத்தில் என்ன இருப்பு என்று பார்ப்பார்கள். ஒரு டாலர் கூடினாலும் அந்த மாதத்துக்குத் தகுதி இல்லை. விஷயம் ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

மூன்று சுற்றையும் கூட்டினால் ஆளுக்கு 3,200 டாலர். அப்படியே வைத்திருந்தால் கூரையைத் தாண்டிவிடும். இதற்காகத்தான் நிவாரணத் தொகை 12 மாதங்களுக்குச் சொத்தாகக் கணக்கிடப்படாது என்று விதி சொன்னது. ஆனால் முதல் சுற்றுப் பணத்தை எவ்வளவு செலவழித்தோம், மீதி எவ்வளவு என்பதைத் தனியாகக் காட்டும் வேலை யாருடையது? மாதச் செலவுக்கே பற்றாதவர் கணக்குப் புத்தகம் எழுதவா போகிறார்? கெடு முடிவதற்குள் எதையாவது வாங்கித் தீர்த்துவிடு என்பதே நடைமுறை அறிவுரையாயிற்று. பெருந்தொற்று நீளுமா முடியுமா என்று தெரியாத காலத்தில், சேமித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். விதியோ, சேமித்தால் தண்டனை என்றது. 2021-இன் பிற்பகுதியில்தான் நிர்வாகம் காலவரம்பை நீக்கி, பெருந்தொற்று உதவிகளை எப்போதைக்குமாக விலக்கியது. அதற்குள் முதல் சுற்றுப் பணத்துக்கான மே மாதக் கெடு கடந்துவிட்டது.

பிறர் பெயரில் பணம் வாங்குவோரின் சிக்கலும் உண்டு. மனநலக் குறைபாடோ மறதிநோயோ உள்ளவர்களுக்காக உறவினரையோ நிறுவனத்தையோ பிரதிநிதியாக நியமிப்பது வழக்கம். மாதப் பணத்தை எப்படிச் செலவழித்தேன் என்று அந்தப் பிரதிநிதி கணக்குக் காட்ட வேண்டும். நிவாரணத் தொகையும் அதே பிரதிநிதியின் கணக்கில்தான் விழுந்தது. ஆனால் இது வரிச்சலுகை, எங்கள் உதவித்தொகை அல்ல என்பதால் இதற்குக் கணக்குக் கேட்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. வரித்துறைக்கோ பிரதிநிதி என்ற ஏற்பாடே அந்நியம். சில முதியோர் இல்லங்கள் தங்களிடம் தங்கியிருப்பவர்களின் 1,200 டாலரை எழுதி வாங்கிக்கொள்வதாகப் புகார்கள் கிளம்பின. 2020 மே மாதத்தில் மத்திய வர்த்தக ஆணையம், அந்தப் பணம் முதியவருடையது, இல்லத்துக்கு உரிமையில்லை என்று பொது எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. வரிச்சலுகை என்று பெயர் வைத்ததன் விலையை இந்த முதியவர்களும் சேர்ந்தே கொடுத்தார்கள்.

என் கணிப்பு இதுதான். 2009-இல் 250 டாலர் போன வழிதான் சரியான வழி. தொகையை 2020-இலிருந்து எடுத்து, வழியை 2009-இலிருந்து எடுத்திருந்தால் மார்ச் 30 அறிவிப்புக்கும் ஏப்ரல் 22 கெடுவுக்கும் 2021 மார்ச் இழுபறிக்கும் வேலையே இருந்திருக்காது. கணவன் வரிக்கணக்கிலும் மனைவி ஓய்வூதியப் பட்டியலிலும் இருந்தால் இரண்டு முறை போய்விடுமே என்று மறுப்பார்கள். போகலாம்தான். அதை அடுத்த ஆண்டு வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். 2009-இல் அப்படித்தான் செய்தார்கள். தவறாகப் போகும் பணத்தைப் பிறகு சரிக்கட்டலாம், நேரத்துக்குப் போகாத பணத்தைச் சரிக்கட்ட வழியில்லை.

விடுபட்டவர்களின் கணக்கு வெகுகாலம் தொடர்ந்தது. 1,400 டாலரைக் கோராமல் விட்ட ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு, அவர்கள் தாக்கல் செய்திருந்த 2021 வரிக்கணக்கைப் பார்த்து 240 கோடி டாலரைத் தானாகவே அனுப்புவதாக 2024 டிசம்பரில் வரித்துறை அறிவித்தது. கணக்கே தாக்கல் செய்யாதவர்களுக்கு 2025 ஏப்ரல் 15 கடைசி நாள் என்றது. அந்த நாளும் கடந்துவிட்டது.

எஸ்.எஸ்.ஐ. தொடங்கிய 1974-இல் தனியாளின் சொத்துக் கூரை 1,500 டாலர். விலைவாசியோடு அது உயர்ந்திருந்தால் இன்று 10,000 டாலரை நெருங்கியிருக்கும். அதை 10,000 ஆக்க ஷெராட் பிரவுன், பில் காசிடி என்ற எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. கூரையைக் கடைசியாக உயர்த்தியது 1989-இல். 2025-இலும் அது 2,000 டாலர்தான்.